மூளை ஆராய்ச்சிக்கு எந்தப் பல்கலைக்கழகம்? பட்டத்தின் பெயரை விடுங்கள், ஆய்வகத்தைப் பாருங்கள்

சேலத்திலிருந்து பிளஸ் டூ மாணவி ஒருவர் கேட்டிருக்கிறார். பயோ-மேத்ஸ் குரூப். மூளை எப்படி வேலை செய்கிறது என்று ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. இந்தியாவில் 'பிஎஸ்சி நியூரோசயின்ஸ்' என்று தேடினால் நல்ல இடம் எதுவும் கண்ணில் படவில்லையாம். வெளிநாடு போனால்தான் முடியுமா, எந்தப் பல்கலைக்கழகம் நல்லது என்று கேட்கிறார். அப்பாவோ, முதலில் நீட் எழுதி எம்பிபிஎஸ் சேர், மற்றதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறாராம்.

பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன், காரணம் பின்னால் வரும். இளநிலைப் பட்டத்தில் நியூரோசயின்ஸ் என்ற பெயர் இருக்கிறதா என்று தேட வேண்டாம். நீங்கள் தங்கிப் படிக்கும் வளாகத்துக்குள்ளேயே மூளையை ஆராயும் ஆய்வகங்கள் நான்கைந்தாவது இருக்கின்றனவா? இரண்டாம் ஆண்டு மாணவியை அவை உள்ளே விடுமா? ஒரே ஆய்வகத்தில் இரண்டு வருடம் விடாமல் வேலை செய்ய நேரம் கிடைக்குமா? இந்த மூன்றையும் கேளுங்கள். இப்படிப் பார்த்தால் உங்களுக்கு என் முதல் பரிந்துரை பெங்களூரு ஐஐஎஸ்சி (இந்திய அறிவியல் கழகம்). அடுத்தது புனே ஐசர் (மத்திய அரசின் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனம்). பிறகு ஐஐடி மெட்ராஸும் மற்ற ஐசர்களும். வெளிநாடு, முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும்.

பெயர் ஏன் முக்கியமில்லை என்கிறேன்? நியூரோசயின்ஸ் என்பது ஒரே பாடம் கிடையாது. ஒரு ஆய்வகத்தில் பழ ஈயின் மரபணுவை மாற்றி அதன் மோப்பத்தைச் சோதிப்பார்கள். பக்கத்து அறையில் எலியின் மூளைத் துண்டில் மின் ஓட்டத்தை அளப்பார்கள். அதற்கடுத்த அறையில் ஆய்வுப் பிராணியே இருக்காது, கணினியில் சமன்பாடுகள் ஓடிக்கொண்டிருக்கும். மூன்றுக்கும் வேண்டிய அடிப்படை வேறு வேறு. அதனால்தான் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் தன் முதுநிலைப் படிப்புக்கு உயிரியல் மாணவர்களை மட்டும் எடுப்பதில்லை. இயற்பியல், பொறியியல், மருத்துவம், உளவியல் படித்தவர்களும் அங்கே போகிறார்கள். பிஹெச்டி சேர்க்கையில் உங்கள் எதிரே உட்காரும் பேராசிரியர் கேட்கப்போவது, நீங்கள் என்ன செய்தீர்கள், ஏன் அப்படிச் செய்தீர்கள், முடிவு வராதபோது என்ன மாற்றினீர்கள் என்பதைத்தான். பட்டச் சான்றிதழின் தலைப்பு அந்த அறையில் எடுபடாது.

இந்தியாவில் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களையே பாருங்கள். ஒபைத் சித்திக்கி நுண்ணுயிர் மரபியலில் தொடங்கியவர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கால்டெக் நிறுவனத்தில் மரபியலாளர் சீமோர் பென்சருடன் சேர்ந்து, சூடு ஏறினால் விழுந்துவிடும் பழ ஈக்களை உருவாக்கி நரம்பு மின்சைகையின் மரபியலைத் திறந்து வைத்தார். பின்னர் பெங்களூரில் என்சிபிஎஸ் என்ற தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்தை நிறுவினார். அவருடைய மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸ் கென்யாவில் பிறந்தவர், டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் படித்தவர். சித்திக்கியின் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துவிட்டு அவருக்கு எழுதி, மும்பை டிஐஎஃப்ஆருக்கு (டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்) வந்து சேர்ந்தார்; ஈயின் மோப்பத்தைப் பற்றிய ஆராய்ச்சியில் உலகம் அறிந்த பெயரானார். நிறுவனத்தின் பெருமையைப் பார்த்து வரவில்லை. ஒரு ஆய்வகத்தின் கேள்வி பிடித்திருந்தது, வந்தார். பல்கலைக்கழகத்தைத் தேடும்போது நீங்களும் அதையே செய்யுங்கள் என்பதுதான் நான் சொல்ல வருவது.

இரண்டு வருடம் ஏன் வேண்டும் என்பதற்கு ஆய்வக வேலையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். ஈ ஆய்வகத்தில் புதிதாகச் சேர்பவருக்கு முதலில் கிடைக்கும் வேலை 'வர்ஜின் கலெக்‌ஷன்'. ஈக்களைக் கலப்புச் செய்ய இனச்சேர்க்கை ஆகாத பெண் ஈக்கள் வேண்டும். 25 டிகிரி வெப்பத்தில் வளரும் பெண் ஈ, கூட்டிலிருந்து வெளிவந்து சுமார் 8 மணி நேரம் வரை சேர்க்கைக்குத் தயாராகாது. அதற்குள் கார்பன் டை ஆக்ஸைடு விட்டு மயக்கி, நுண்ணோக்கியின் கீழ் தூரிகையால் ஒவ்வொன்றாகத் தள்ளி, ஆணையும் பெண்ணையும் பிரிக்க வேண்டும். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை, ஞாயிற்றுக்கிழமையும். ஒரு தலைமுறைக்குப் பத்து நாள் ஆகும். நான்கு தலைமுறைக் கலப்பு முடிந்த பிறகுதான் நீங்கள் கேட்க நினைத்த கேள்விக்கான ஈ உங்கள் கைக்கு வரும். கணக்குப் போட்டுப் பாருங்கள், நாற்பது நாள், ஒரு செமஸ்டரில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது, இன்னும் சோதனையே தொடங்கவில்லை.

எலி மூளை ஆய்வகத்தில் 'பேட்ச் கிளாம்ப்', அதாவது ஒற்றை நரம்பணுவின் மின் ஓட்டத்தை அளக்கும் முறை, கற்றுக்கொள்ள இன்னும் பொறுமை வேண்டும். முந்நூறு மைக்ரான் தடிமனில் மூளையைச் சீவி, ஆக்ஸிஜன் ஏற்றிய உப்புக் கரைசலில் உயிரோடு வைத்து, நுனி ஓரிரு மைக்ரானே உள்ள கண்ணாடிக் குழாயை ஒரு நரம்பணுவின் மேல் தொட்டு, மெல்ல வாயால் உறிஞ்சி, செல் சவ்வும் கண்ணாடியும் இறுக ஒட்டும்வரை காத்திருக்க வேண்டும். மின்தடை ஜிகா ஓம் அளவுக்கு ஏறினால் பிடித்துவிட்டீர்கள் என்று அர்த்தம். முதல் சில வாரங்கள் பெரும்பாலானவர்களுக்கு அது ஏறவே ஏறாது. இரண்டு மாத சம்மர் இன்டர்ன்ஷிப்பில் இதைக் கற்கலாம், ஆனால் இதை வைத்து ஒரு கேள்விக்குப் பதில் தேட முடியாது. அதே கட்டடத்தில் படிக்கும் மாணவிக்கு முடியும். வகுப்பு முடிந்து நடந்தே போய்விடலாம். வளாகமும் ஆய்வகமும் ஒரே வேலிக்குள் இருக்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதனால்தான்.

சரி, இடங்களுக்கு வருவோம்.

ஐஐஎஸ்சியின் நான்காண்டு இளநிலைப் படிப்பு 2011இல் தொடங்கியது. முதல் ஒன்றரை ஆண்டு பெரும்பாலும் பொதுப் பாடங்கள். உயிரியல் எடுக்கப்போகிறவரும் கணிதத்தையும் இயற்பியலையும் ஒழுங்காகப் படித்தே ஆக வேண்டும். இதைச் சுமை என்று நினைக்காதீர்கள். இன்றைய மூளை ஆராய்ச்சியில் நேரியல் இயற்கணிதமும் நிகழ்தகவும் தெரியாமல் ஒரு தரவுத் தொகுப்பைக்கூடத் தொட முடியாது. மேஜராக உயிரியலோ இயற்பியலோ எடுக்கலாம், கடைசி ஆண்டில் ஆய்வேடு. 2009இல் அமைந்த நரம்பியல் மையம் அதே வளாகத்தில் இருக்கிறது. பார்வை, கவனம், கண் அசைவு, நினைவு எனப் பல தளங்களில் மனிதர், குரங்கு, எலி என்று ஆய்வு நடக்கிறது. தெலுங்கும் மலையாளமும் படிக்கத் தெரிந்தவர்களை வைத்து, ஒரு எழுத்துமுறையைப் படிக்கப் பழகினால் கண் பார்வையே எப்படி மாறுகிறது என்று பார்த்த ஆய்வு அங்கிருந்துதான் வந்தது. நம் எழுத்துகளை வைத்தே உலகத்தரமான கேள்வி கேட்க முடியும் என்பதற்கு அது எனக்குப் பிடித்த உதாரணம். வயதாகும் மூளையைப் பற்றிய ஆய்வுக்கென்றே தனியாக ஒரு மையமும் அதே வளாகத்தில் உண்டு.

ஐசர்கள் ஏழு: கொல்கத்தா, புனே, மொகாலி, போபால், திருவனந்தபுரம், திருப்பதி, பெர்ஹாம்பூர். ஐந்தாண்டு பிஎஸ்-எம்எஸ். ஐந்தாம் ஆண்டு முழுக்க ஆராய்ச்சிதான், அதை வேறு நிறுவனத்தில் போய்ச் செய்யவும் வழி உண்டு. இவற்றில் நரம்பியல் பக்கம் புனே நன்றாக அடர்ந்திருக்கிறது. ஆண் ஜீப்ரா ஃபின்ச் குருவி தன் பாட்டை எப்படிக் கற்றுக்கொள்கிறது, எலி வாசனைகளை எப்படிப் பிரித்தறிகிறது, நரம்பணு வளரும்போது தன் நீண்ட இழையை எந்தத் திசையில் நீட்டுவது என்று எப்படித் தீர்மானிக்கிறது, இதையெல்லாம் கணித மாதிரிகளில் எப்படி எழுதுவது என்று நான்கு திசைகளிலும் குழுக்கள் இருக்கின்றன. ஏழையும் ஒரே தரத்தில் வைத்து, எது கிடைத்தாலும் சரி என்று சேர்ந்துவிடாதீர்கள். வேறு துறைகளுக்கு மற்ற ஐசர்கள் மிகச் சிறந்தவையாக இருக்கலாம். உங்கள் கேள்விக்கு அங்கே எத்தனை ஆய்வகம் என்று எண்ணிப் பார்த்த பிறகு விருப்பப் பட்டியலை நிரப்புங்கள்.

ஐஐடி மெட்ராஸ் 2023இல் மருத்துவ அறிவியலும் பொறியியலும் சேர்ந்த நான்காண்டு பிஎஸ் படிப்பைத் தொடங்கியது. இதற்கும் ஐசர்களின் நுழைவுத் தேர்வான ஐஏடிதான். ஐஐஎஸ்சியும் தன் சேர்க்கைக்கு ஐஏடி மதிப்பெண்ணை எடுத்துக்கொள்கிறது. சென்னை வளாகத்தில் உள்ள சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையம் 2024 டிசம்பரில் 'தரணி' என்ற பெயரில் கருவில் வளரும் மனித மூளையின் வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. 5,132 மூளைச் சீவல்களின் படங்கள் அதில் இருக்கின்றன. இணையத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். இன்று இரவே திறந்து பாருங்கள். அதைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரம் போனது தெரியவில்லை என்றால், எந்தக் கவுன்சலிங்கும் சொல்ல முடியாத ஒன்றை உங்களைப் பற்றித் தெரிந்துகொள்வீர்கள். ஆனால் இந்தப் படிப்பு புதியது. பொறியியல் வாடை அதிகம். கருவி செய்வதிலும் படங்களைக் கணினியில் அலசுவதிலும் ஆசை இருந்தால் மிக நல்ல இடம். நரம்பணுவின் உயிரியல்தான் வேண்டும் என்றால் ஐசர் மேல்.

ஐஏடியைப் பற்றி ஒரு வார்த்தை. மூன்று மணி நேரம், 60 கேள்விகள், இயற்பியல், வேதியியல், கணிதம், உயிரியல் நான்கிலும் பதினைந்து பதினைந்து. ஒரு சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு ஒன்று குறையும். நம்மூர் பயோ-மேத்ஸ் குரூப்பில் இருப்பவர்களுக்கு இது பெரிய அனுகூலம், ஏனென்றால் நான்கு பாடமும் கையில் இருக்கிறது. பியூர் சயின்ஸ் எடுத்தவர்கள் கணிதத்திலும் கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுத்தவர்கள் உயிரியலிலும் திணறுவார்கள். ஐசர் போலவே அறிவியல் படிப்பு தரும் புவனேஸ்வர் நைசருக்கும் மும்பை சிஇபிஎஸ்ஸுக்கும் நெஸ்ட் என்று தனித் தேர்வு. அதையும் எழுதி வையுங்கள்.

பெயர் பெற்ற மூன்று இடங்களை நான் பரிந்துரைக்காததற்குக் காரணம் சொல்ல வேண்டும். என்சிபிஎஸ், மானேசர் மையம், மனநலத்துக்கும் நரம்பியலுக்குமான பெங்களூரு நிம்ஹான்ஸ். மூன்றும் இந்தியாவின் முதல் வரிசை, ஆனால் பிளஸ் டூ முடித்தவர் ஆராய்ச்சிக்கென்று சேரும் இளநிலைப் படிப்பு அங்கே இல்லை. நிம்ஹான்ஸில் பிஎஸ்சி உண்டு. 'கிளினிக்கல் நியூரோபிசியாலஜி டெக்னாலஜி' என்ற பெயரைப் பார்த்ததும் இதுதான் நான் தேடியது என்று தோன்றும். அது மூளையின் மின் அலைகளைப் பதிவு செய்யும் ஈஈஜி போன்ற பரிசோதனைகளை மருத்துவமனையில் எடுக்கும் தொழில்நுட்பருக்கான பயிற்சி. நல்ல வேலை, தேவையான வேலை, நீங்கள் கேட்கும் வேலை மட்டும் வேறு. இந்த மூன்று இடங்களுக்கும் நீங்கள் போகப்போவது பிறகு: கோடையில் ஒரு முறை, பிஹெச்டிக்கு ஒரு முறை.

ஓர் இடத்தை நீங்களே எடைபோடும் வழியையும் சொல்கிறேன், தரவரிசைப் பட்டியல்களைவிட இது நம்பகமானது. நிறுவனத்தின் உயிரியல் துறைப் பக்கத்தில் மூளை, நரம்பு, நடத்தை என்று எழுதியிருக்கும் பேராசிரியர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் பெயரையும் பப்மெட் என்ற இலவச ஆய்வுக் கட்டுரைத் தேடல் தளத்தில் போட்டு, கடைசி ஐந்து வருடக் கட்டுரைகளை எடுங்கள். கட்டுரையில் முதல் பெயர் பெரும்பாலும் கைவேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. நடுவில் இருக்கும் பெயர்களை அந்த ஆய்வகத்தின் உறுப்பினர் பக்கத்தோடு ஒத்துப் பாருங்கள். அதில் பிஎஸ் மாணவர்கள் எத்தனை பேர்? முதல் பெயராகவே வந்த இளநிலை மாணவர் யாராவது உண்டா? 'முன்னாள் உறுப்பினர்கள்' பட்டியல் இருந்தால் அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? ஐந்து வருடத்தில் ஒரு கட்டுரைகூட வரவில்லை என்றாலும், எல்லாக் கட்டுரையிலும் இளநிலை மாணவர் பெயரே இல்லை என்றாலும் அந்த ஆய்வகத்தைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒரு நிறுவனத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

பிறகு அங்கே படிக்கும் இரண்டு மூத்த மாணவர்களுக்கு எழுதுங்கள். எந்த வருடத்தில் ஆய்வகத்துக்குள் போனீர்கள், தொடர்ந்து இருக்க முடிந்ததா, பேராசிரியரை வாரத்துக்கு ஒரு முறையாவது பார்க்க முடிகிறதா, பாடச்சுமை எப்படி? இந்த நான்கு கேள்வி போதும். மாணவர்கள் மறைக்க மாட்டார்கள்.

சேர்ந்த பிறகு பேராசிரியருக்கு எழுதும் முதல் கடிதம் பற்றியும் இப்போதே சொல்லிவைக்கிறேன். 'சிறு வயதிலிருந்தே மூளை மீது எனக்கு அளவற்ற ஆர்வம்' என்று தொடங்கும் கடிதங்கள் அவர்களுக்குத் தினமும் வருகின்றன, பதில் போவதில்லை. ஆங்கிலத்தில்தான் எழுதுவீர்கள், விஷயம் இப்படி இருக்கட்டும்: 'உங்கள் சென்ற வருடக் கட்டுரையின் மூன்றாம் படத்தில், பயிற்சி பெற்ற எலிகள் இரண்டு வாசனைகளைப் பிரிக்க அதிக நேரம் எடுத்தன என்று இருக்கிறது. கலவையின் அடர்த்தி மாறினாலும் அப்படியேதானா? எனக்குப் பைத்தான் மொழியில் கணினி நிரல் எழுத வரும், வாரம் பத்து மணி நேரம் ஒதுக்க முடியும், மூன்று செமஸ்டர் இருக்க விரும்புகிறேன்.' ஐந்து வரிக்கு மேல் வேண்டாம்.

இந்த இடங்கள் எதிலும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். உள்ளூர்க் கலை அறிவியல் கல்லூரியில் சேர்ந்தால் கதை முடிந்ததா? இல்லை, ஆனால் வேலை உங்கள் தலையில் கூடுதலாக விழும். அங்கே மூளையைக் கையால் தொடும் வாய்ப்பு அநேகமாக இருக்காது. அதனால் நான் விலங்கியலைவிட இயற்பியலையோ கணிதத்தையோ எடுக்கச் சொல்வேன். உயிரியலைப் பின்னால் பிடித்துக்கொள்ளலாம், கணிதத்தைப் பின்னால் பிடிப்பது கடினம். சியாட்டிலின் ஆலன் நிறுவனம் எலி மூளைப் பதிவுகளை இலவசமாக வெளியிட்டிருக்கிறது; ஒரு மடிக்கணினி இருந்தால் உண்மையான தரவோடு வேலை செய்யலாம். 2020இல் தொடங்கிய நியூரோமேட்ச் அகாடமி ஒவ்வொரு கோடையிலும் மூன்று வாரம் இணையத்தில் கணக்கீட்டு நரம்பியல் கற்றுத்தருகிறது, கட்டணம் அவரவர் நாட்டின் வாழ்க்கைச் செலவைப் பொறுத்தது. பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் அகாடமி மற்ற இரு தேசிய அகாடமிகளுடன் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆராய்ச்சி உதவித்தொகை இரண்டு மாதம் ஓர் ஆய்வகத்தில் சேர்த்துவிடும். அதற்கான விண்ணப்பத்தை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே போட்டாக வேண்டும். ஏப்ரலில் நினைவு வந்தால் பயனில்லை. தமிழ்நாட்டில் பிஎஸ்சி மூன்று வருடம்தான் என்பதால் அமெரிக்க பிஹெச்டிக்கு நேராகப் போவது சிரமம். நடுவில் ஒரு எம்எஸ்சி வேண்டியிருக்கும், அல்லது டிசம்பர் வாக்கில் நடக்கும் ஜெஜீபில்ஸ் என்ற உயிரியல் நுழைவுத் தேர்வை எழுதி என்சிபிஎஸ்ஸின் ஒருங்கிணைந்த எம்எஸ்சி-பிஹெச்டிக்கு முயலலாம்.

வெளிநாட்டுக்கு வருகிறேன். இளநிலை மாணவருக்கு ஆய்வகக் கதவைத் திறந்துவிடுவதில் அமெரிக்கா முன்னோடி என்பதில் சந்தேகமில்லை. எம்ஐடி 1969லிருந்தே இளநிலை மாணவர்களை ஆய்வகத்தில் சேர்க்கும் திட்டத்தை நடத்துகிறது. ஆம்ஹெர்ஸ்ட் என்ற சின்னக் கல்லூரி 1973லேயே நரம்பியலை இளநிலைப் பாடமாக்கியது. ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஏராளமான நரம்பியல் ஆய்வகங்கள் உண்டு, ஆனால் அவற்றில் பெரும்பகுதி நகரின் வேறு மூலையில் உள்ள மருத்துவ வளாகத்தில். மாணவர்கள் ஷட்டில் பேருந்தில் போய் வருகிறார்கள். பணம்தான் பெரிய கேள்வி. எம்ஐடி, ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹெர்ஸ்ட் போன்ற வெகுசில இடங்களே வெளிநாட்டு மாணவரின் பண வசதியைப் பார்க்காமல் சேர்த்து, தேவைப்பட்ட முழு உதவியையும் தருகின்றன. அங்கே இடம் கிடைப்பது மிக அரிது. சான் டியாகோ போன்ற அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆய்வகங்கள் பிரமாதம், சால்க் நிறுவனம் பக்கத்திலேயே. ஆனால் நம் மாணவர்கள் அநேகமாக முழுக் கட்டணமும் கட்ட வேண்டும். பலருக்குத் தெரியாத இன்னொன்று: அமெரிக்க அறிவியல் அறக்கட்டளை நிதியில் நடக்கும் கோடைகால ஆராய்ச்சித் திட்டங்களில் அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களும்தான் சேர முடியும். அங்கே போய்ப் படித்தாலும் அந்தக் கதவு உங்களுக்கு மூடியே இருக்கும்.

மாண்ட்ரியலின் மெக்கில்லும் லண்டனின் யூசிஎல்லும் நரம்பியல் என்றே இளநிலைப் பட்டம் தருகின்றன, இரண்டுக்கும் பெரிய மரபு உண்டு. மெக்கில்லில் நரம்பு அறுவை மருத்துவர் பென்ஃபீல்டு 1934இல் தொடங்கிய நரம்பியல் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ஜேக்கப் சாண்டிதான் 1949இல் வேலூர் சிஎம்சியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையைத் தொடங்கினார். ஆனாலும் வீட்டை அடமானம் வைத்து இளநிலைப் படிப்புக்கு அங்கே போவதை நான் ஆதரிக்க மாட்டேன். அமெரிக்காவில் அறிவியல் பிஹெச்டிக்குக் கட்டணம் இல்லை, மாதச் சம்பளமே தருவார்கள். நான்கு அல்லது ஐந்து வருடம் இங்கே படித்துவிட்டு, நல்ல ஆய்வேட்டோடு அப்போது போங்கள்.

கடைசியாக அப்பாவின் யோசனை. அதை ஒதுக்கித் தள்ளாதீர்கள், அதில் நியாயம் உண்டு. மூளை ஆராய்ச்சியாளர் வி. எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருந்தபோதே, 1972இல், இரு கண் பார்வையைப் பற்றி 'நேச்சர்' ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டார். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவைப்படாத சோதனை அது. இன்றும் மருத்துவ மாணவர்களுக்கு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) இரண்டு மாத ஆராய்ச்சி உதவித்தொகை தருகிறது. பார்க்கின்சன், வலிப்பு, பக்கவாதம் என்று நோயின் பக்கத்திலிருந்து மூளையைப் பார்க்க வேண்டுமென்றால் எம்பிபிஎஸ்ஸுக்கு மாற்று இல்லை. ஆனால் பயிற்சி ஆண்டையும் சேர்த்து ஐந்தரை வருடம், அதில் ஆராய்ச்சிக்கு நேரம் நீங்களே திருடி எடுக்க வேண்டும். அதன்பின் பிஜி நீட். ஆய்வகத்துக்கு வரும்போது முப்பதை நெருங்கியிருப்பீர்கள்.

நீட்டுக்கும் ஐஏடிக்கும் இயற்பியல், வேதியியல், உயிரியல் பெரும்பாலும் ஒரே என்சிஇஆர்டி பாடம்தான், ஐஏடிக்குக் கணிதம் கூடுதல். இரண்டையும் எழுதுங்கள். அரசு மருத்துவக் கல்லூரியும் ஐசரும் ஒரே நேரத்தில் கிடைத்தால், முடிவு செய்வதற்கு முன் ஒரு நாள் அரசு மருத்துவமனையின் நரம்பியல் வெளிநோயாளர் பிரிவில் அனுமதி வாங்கி உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அப்பாவையும் கூட்டிக்கொண்டு. அங்கே வரும் மனிதர்களிடம் பேச வேண்டும் என்று தோன்றினால் மருத்துவம் எடுங்கள். அவர்களுக்கு ஏன் இப்படி ஆகிறது என்ற கேள்விதான் உங்களை விடாமல் துரத்துகிறது என்றால் ஐசருக்குப் போங்கள்.